முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும்

என் போனில் அவருடைய பெயர் ‘பஸ் மேடம்’ என்றுதான் இருக்கிறது. சொந்தப் பெயர் தெரியாமல் இல்லை. சொன்னால், “இன்னா சார், ஊரெல்லாம் என் பேர தண்டோரா போட்டீங்களாமே” என்று சண்டைக்கு வந்துவிடுவார். அந்த நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. ஆனாலும் நம்ப முடியாது. எங்கிருந்தாவது ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றுவிடுவார்.

எட்டு வருஷம் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் எச்.ஆர். எச்.ஆர். என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன் என்று என் மாமனார் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையில் என் வேலை ஆள் பிடிப்பது. சனிக்கிழமையானால் மாவட்டத்தில் எங்காவது ஒரு வேலைவாய்ப்பு முகாம் இருக்கும். கல்லூரி மைதானம், ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, காதைக் கிழிக்கும் மைக். “ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் பயிற்சி முடித்தவர்கள் பதினோராம் எண் அரங்குக்கு வரவும்.” அந்தப் பதினோராம் எண்ணில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வியர்வையில் நனைந்து நான் உட்கார்ந்திருப்பேன்.

பிடிப்பதுகூடக் கஷ்டமில்லை. நிற்க வைப்பதுதான். அந்த வருஷம் இரண்டு செட் பயிற்சியாளர்களைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு செட்டும் ஒரு மாதத்துக்குள் காலி. கம்பெனி கொடுத்த சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எங்கள் மேனேஜர் அதிகம் பேசுகிறவர் இல்லை. “அடுத்த செட்டு மூணு மாசம் நிக்கணும். இல்லேன்னா அவங்களோட நீயும் கெளம்பிடுப்பா” என்றார். அவ்வளவுதான்.

அந்த நிலைமையில்தான் திருவள்ளூர் முகாமில் பஸ் மேடம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஸ்டேப்ளரின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. வேலை தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, “பயோடேட்டா குடுங்க மேடம்” என்றேன்.

“நீங்க குடுங்க சார்.”

“எது?”

“உங்க கம்பெனியோடது. என் புள்ளைங்க நாப்பது பேரு வெளிய நிக்கிறாங்க. அதுங்கள கேக்கறதுக்கு மின்ன நான் உங்கள கேக்கறேன். கம்பெனி எங்க இருக்கு?”

“கும்மிடிப்பூண்டி. பக்கந்தான் மேடம்.”

“யாருக்குப் பக்கம்?”

எனக்குச் சுருக்கென்றது. “பஸ் இருக்கு மேடம். கம்பெனி பஸ்” என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தி.

“எங்கேர்ந்து? மொத பஸ் எத்தினி மணிக்கு? டிரைவர் பேரு இன்னா?”

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒன்று, திருவள்ளூரிலிருந்து ஒன்று. அதுவரைக்கும் சொன்னேன். மணி சுமாராகச் சொன்னேன். டிரைவர் பெயர் தெரியவில்லை.

“நீங்க அந்த பஸ்ல ஏறியிருக்கீங்களா?”

நான் திருநின்றவூர்க்காரன். எனக்கு ஸ்டாஃப் வேன் வீட்டு வாசலுக்கே வரும். சொன்னேன்.

“தெரியாத சரக்க இன்னாத்துக்கு சார் விக்கிறீங்க?” என்று எழுந்து போய்விட்டார். வரிசையில் நின்ற பையன்கள் பக்கென்று சிரித்தார்கள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் இந்தம்மா, கேட்க ஆளில்லையா என்று பக்கத்து அரங்குக்காரரிடம் புலம்பினேன். “அவங்களா? உங்களையாவது உக்காந்து கேட்டாங்க. என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க” என்றார் அவர்.

பஸ் மேடம் திருத்தணிப் பக்கம் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலைவாய்ப்புக்குப் பொறுப்பாளர். முகாமுக்கு முகாம் பயிற்சி முடித்தவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தத் துணிப்பைக்குள் ஒரு குட்டி ஆபீசே இருக்கும். பாஸ்போர்ட் போட்டோ மறந்தவனுக்கு அவனுடைய போட்டோ, ஜெராக்ஸ் எடுக்காதவளுக்கு ஜெராக்ஸ், நாஷ்டா சாப்பிடாமல் வந்தவனுக்கு பிஸ்கட். போட்டோவை எப்படி முன்கூட்டியே வைத்திருப்பார் என்று கேட்டேன். “மறப்பானுங்கன்னு தெரியும் சார். சேரும்போதே ஆளுக்கு நாலு வாங்கி வெச்சிப்பேன்” என்றார்.

ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவர்கள் ஏறுகிற ஸ்டாப்தான் பெயர். “ஏ பொதட்டூர்பேட்டை, சட்டய உள்ள விடு.” “பெரியபாளையம், இங்க வாம்மா.” என்னை “திருநின்றவூர் சார்” என்பார். ஒரு தடவை ஒரு பெரிய கம்பெனியின் ஜெனரல் மேனேஜரையே “அம்பத்தூர் சார்” என்று கூப்பிட்டு, அவரும் திரும்பிப் பார்த்தார்.

யாருக்காவது ஆஃபர் லெட்டர் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் கைகுலுக்குவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். இவர் மட்டும் லெட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “அட்ரஸ் போட்டிருக்கு. வழி போட்டிருக்கா?” என்பார். அதற்கப்புறம் விசாரணை ஆரம்பிக்கும். எத்தனை மணிக்கு எழுவாய், குளிக்கத் தண்ணீர் எப்போது வரும், உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் எப்போது, அது வராவிட்டால் அடுத்தது எப்போது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிற பையனுக்கு இது பேஜாரு. ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் லெட்டர் அவர் பைக்குள்தான் இருக்கும். போய் அந்த வழியில் ஒருமுறை போய்விட்டு வா, டிக்கெட்டைக் காட்டு, லெட்டரை வாங்கிக்கொள் என்பார். அதற்கு முன்னால் அந்த வழியில் அவரே ஒருமுறை போய் வந்திருப்பார்.

நமக்குத்தான் கதை வேண்டுமே. சின்ன வயதில் பஸ்ஸைத் தவறவிட்டு ஏதோ வேலை போயிருக்கும், அந்த வலிதான் இப்படி ஆக்கிவிட்டது என்று நானாக ஒன்று ஜோடித்து வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கு பஸ்ஸுன்னா புடிக்கும் சார். ஜன்னல் சீட்டு புடிக்கும். அவ்ளோதான். எல்லாத்துக்கும் ஒரு அழுகாச்சி கேக்குதா உங்களுக்கு?”

அடுத்த முகாமில் நான் உஷாராக இருந்தேன். எங்கள் பஸ் போகும் ஊர்க்காரர்களை மட்டும் எடுப்பது என்று முடிவு. முதல் நாலைந்து பேரைத் திருப்பி அனுப்பியதுமே விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது போலிருக்கிறது. அதற்கப்புறம் வந்த படிவம் அத்தனையும் ஊத்துக்கோட்டை. எனக்கு ஒரே குஷி. இருபத்திரண்டு பேரை எடுத்துவிட்டேன். அதில் ஏழு பேருக்கு ஒரே கதவு எண். பெரிய குடும்பம் போல என்று நினைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். மேஜைமேல் இருந்த படிவங்களைப் புரட்டினார். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார்.

“ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இன்னா கட இருக்கு? சொல்லுங்கடா.”

ஒருவன் டீக்கடை என்றான். ஒருவன் பெட்ரோல் பங்க் என்றான். இன்னொருவன், “ஊத்துக்கோட்டையில பஸ் ஸ்டாண்டு இருக்காக்கா?” என்றான்.

“சார், இவுங்க அத்தினி பேரும் என் புள்ளைங்கதான். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம். ஊத்துக்கோட்டையில ஒருத்தருக்கும் ஊடு இல்ல. யாரோ ஒருத்தியோட அத்த இருக்கா, அவ தெரு அட்ரச எல்லாரும் எழுதிக்கினு வந்துருக்குதுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதற்குள் வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்துவிட்டாள். சுகுணா. ஃபிட்டர் பயிற்சி முடித்தவள். நல்ல உயரம். அத்தை அவளுடைய அத்தைதான்.

“இன்னாக்கா நீ, எங்க பக்கமா, அவுரு பக்கமா? ரெண்டு வருசமா எல்லா ஜாப் மேளாவுக்கும் வந்துக்கினு இருக்கேன். பள்ளிப்பட்டுன்னு எழுதுனா பேப்பர கீழ வெச்சிடறாங்க. மார்க்ககூட பாக்கறதில்ல. பொய் எழுதுனாத்தான் எம்பேரயே படிக்கிறாங்க.”

“பொய் எழுதிச் சேந்துடுவ. வேலைக்குப் போக தெனம் காலைல ஊத்துக்கோட்டையில எவ வந்து பஸ் ஏறுவா?” என்றார் அவர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சார், உங்க பஸ்ஸு ஞாயித்துக்கெழம எங்க நிக்கிது?”

“ஷெட்ல. ஏன்?”

“சும்மாத்தான நிக்கிது? தெனம் பள்ளிப்பட்டுலேர்ந்து யாராலயும் வர முடியாது, ஒத்துக்கறேன். இதுங்க கும்மிடிப்பூண்டியிலயே ஊடு எடுத்துத் தங்கட்டும். சனிக்கெழம மதியானம் வேல முடிஞ்சதும் உங்க பஸ்ஸு இவுங்கள ஊர்ல கொண்டுபோய் உடட்டும். ஞாயிறு பூரா அங்கயே நிக்கட்டும். திங்கக்கெழம காலைல அஞ்சு மணிக்குக் கெளம்புனா எட்டே காலுக்கு உங்க கேட்டு. ஆர்.கே.பேட்டை, திருத்தணி, திருவள்ளூர், பெரியபாளையம். நான் போய்ப் பாத்துட்டேன்.”

“எப்போ போய்ப் பாத்தீங்க?”

“போன வாரம். நீங்க ரூட்டுல இருக்கறவங்களத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். ரூட்டயே மாத்திட்டா வேல முடிஞ்சிது.”

அசந்துபோய்விட்டேன். மேனேஜரிடம் போய் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். “சார், இவங்க ஊரு ரொம்ப தூரம். நடுவாரத்துல நம்ம பஸ் கிடையாது. ஓடணும்னு நெனச்சாலும் ஓட முடியாது” என்றேன். அவர் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் வெள்ளோட்டம் என்று ஒப்புக்கொண்டார்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, உடனே பஸ் மேடத்துக்குப் போன் போட்டு இதை அப்படியே ஒப்பித்தேன். வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் நின்றார்.

“ஓட முடியாதுன்னா சொன்னீங்க?”

“சும்மா மேனேஜர ஒத்துக்க வைக்க மேடம்...”

“இத பாருங்க சார். மொத பஸ்ஸு கேக்கறது நீங்க வேல வாங்கறதுக்கு. கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்குன்னும் ஒண்ணு இருக்கு. அது அதுங்க ஊட்டுக்குப் போறதுக்கு. போக வழி இல்லாத எடத்துக்கு நான் புள்ளைங்கள அனுப்ப மாட்டேன். எனக்கு உங்க வேலையும் வேணாம், பஸ்ஸும் வேணாம்.”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வெட்கமாகிவிட்டது. என்ன செய்யட்டும் என்றேன். பையிலிருந்து முகாம் டோக்கன் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். எழுதுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘யாராவது எந்த நாளில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டாலும் விடுவேன். திரும்பி வருவார்களா என்று கேட்க மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டேன். மடித்து ஸ்டேப்ளர் அடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு பேரும் சேர்ந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று வீடுகள் பார்த்தோம். பார்த்தோம் என்ன, அவர் பார்த்தார். நான் பின்னால் நடந்தேன். பெண்கள் வீட்டுத் தாழ்ப்பாளை மட்டும் பத்து முறை போட்டுத் திறந்தார்.

முதல் சனிக்கிழமை பஸ்ஸில் என்னையும் ஏற்றிவிட்டார். “பக்கந்தான்னு சொன்னீங்களே, வாங்க.” ஜன்னல் சீட்டு அவருக்கு. பெரியபாளையம் வரைக்கும் நான் ஜோக் அடித்துக்கொண்டு வந்தேன். திருத்தணியில் பேச்சு நின்றது. ஆர்.கே.பேட்டை தாண்டியதும் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தேன். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். “இன்னும் கொஞ்ச தூரந்தான் சார், பக்கந்தான்” என்று சுகுணா சொல்ல, பஸ்ஸே அதிர்ந்தது. சிரிப்பை அடக்கப் பஸ் மேடம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வரும் வழியில், கம்பெனி பஸ் இல்லாவிட்டால் எப்படி மாறி மாறிப் போவது என்று ஒவ்வொருவரையும் எழுப்பி ஒப்பிக்க வைத்தார். எந்த ஊரில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு வரும். வாய்ப்பாடு தேவலை.

இரண்டு மாதம் ஒரு தலை குறையவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் ஒரு புதன்கிழமை மத்தியானம் சுகுணா கண் கலங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

“சார், நைனா வண்டியிலேர்ந்து உழுந்து காலு ஒடைஞ்சிருச்சாம். அம்மாவால ஒண்டியா தூக்க முடியாது. நான் போவணும்.”

அந்த வாரம் அவசர ஆர்டர். அவள் நின்றது முக்கியமான இடம். மேனேஜரிடம் போனேன். “ஒருத்தி கெளம்புனா வரிசையா கெளம்புவாங்க. சனிக்கிழமை போகட்டும்” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா” என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் நேரே கேட்டுக்குப் போனாள். கேட் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி விடவில்லை. அங்கேயே நின்று யாருக்கோ போன் பண்ணினாள்.

ஐந்து நிமிஷத்தில் என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. டோக்கனின் பின்பக்கம். என் கையெழுத்து. கீழே ஒரே ஒரு வரி: ‘பெரியபாளையம் பஸ் மூணே கால்.’

மணி இரண்டு ஐம்பது. பாஸில் கையெழுத்துப் போட்டு நானே ஓடிப்போய்க் கேட்டில் கொடுத்தேன். மற்ற இருபத்தோரு பேரும் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்தார். இறங்கி வந்து நிதானமாகச் சொன்னார்: “திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வரலேன்னா, செவ்வாக்கிழமை நீ வராதே.”

சனிக்கிழமை மற்றவர்கள் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ருசிக்கவில்லை. சுகுணா போன் ஸ்விட்ச் ஆஃப். பஸ் மேடத்தைக் கூப்பிட வீம்பு விடவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கேட்டில் நின்றேன். எட்டே காலுக்குப் பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்க இறங்க எண்ணினேன். இருபத்தொன்று. டிரைவர் கீழே குதித்து, “அஞ்சு நிமிசம் கூடுதலா நின்னு பாத்தேன் சார். அந்தப் பொண்ணு வரல” என்றார். அதற்குள் அவர் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அன்று அதனால் என்ன பிரயோஜனம்?

மேனேஜர் கடந்து போகும்போது நின்றார். “நாளைக்கு என்ன கெழமை?”

“செவ்வாய் சார்.”

போய்விட்டார். நான் அறைக்குப் போய் மேஜை டிராயரைத் திறந்து, எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்க்க ஆரம்பித்தேன். பாதி உபயோகித்த பேனாக்கள்தான் நிறைய இருந்தன. பத்து மணி ஆயிற்று. பத்தே காலுக்கு செக்யூரிட்டி போன் பண்ணினார். “சார், ஒரு பொண்ணு லேட்டா வந்துருக்கு. உள்ள உடட்டுமா?”

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கேட்டுக்கு வெளியே, தலையெல்லாம் புழுதியோடு, சோற்று டப்பாவை இடுக்கிக்கொண்டு சுகுணா நின்றாள்.

“சாரி சார். நைனாவ எழுப்பி உக்கார வெச்சிட்டு வர லேட்டாயிருச்சு. ஓடியாந்தேன், கம்பெனி பஸ்ஸோட பின்பக்கந்தான் தெரிஞ்சிது. அப்பறம் அக்கா சொல்லிக்குடுத்த மாதிரி மாறி மாறி வந்தேன்.” உள்ளங்கையைப் பிரித்தாள். கசங்கி ஈரமாகிப்போன நாலு டிக்கெட். “லேட்டுக்கு இத வெச்சிக்கிறீங்களா சார்?”

அதை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புழுதி என்று செக்யூரிட்டியிடம் சொன்னேன். வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அங்கேயே நின்று பஸ் மேடத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம்! சுகுணா வந்துட்டா மேடம்!”

“எந்த பஸ்ல?”

டிக்கெட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பள்ளிப்பட்டு, திருத்தணி. திருத்தணி, திருவள்ளூர். திருவள்ளூர், பெரியபாளையம். பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி.

“பெரியபாளையத்துல எவ்ளோ நேரம் நின்னாளாம்?”

“அரை மணி நேரம்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லியிருக்கா.”

“பத்து நிமிசத்துல வர வேண்டிய வண்டி சார் அது! இன்னா பண்றானுங்க? இருங்க, நான் போய்க் கேக்கறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

அப்படியா, வந்துவிட்டாளா என்று அவர் ஒரு வார்த்தை வியக்கவில்லை. அப்பாடா என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் வருவாளா என்று ஞாயிற்றுக்கிழமை பூரா நான் செத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்கவில்லை. அவருடைய சந்தேகமெல்லாம் பெரியபாளையம் பஸ்மேல்தான்.